ஒழுகும் கூரையும் ஒரு கோப்பும்: அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரின் மேசையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் உதவித் தலைமை ஆசிரியராகப் பணியாற்றினேன். அந்த மூன்று ஆண்டுகளில் என் கைப்பட எழுதியவற்றைக் கூட்டிப் பார்த்தால், பாடக் குறிப்புகளைவிட "பார்வையில் காணும் கடிதத்தின்படி" என்று தொடங்கும் கடிதங்களே அதிகம் தேறும். இந்த நிகழ்வு ஆய்வு, அப்பள்ளியின் முதல் தளத்தில் இருந்த ஒரு வகுப்பறையின் கூரையைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தக் கூரை ஒழுகியதற்காகத் திறக்கப்பட்ட கோப்பைப் பற்றியது. முதல் கடிதம் போன நாளிலிருந்து கோப்பு முடித்துவைக்கப்பட்ட நாள் வரை 17 மாதங்கள் ஆயின. அந்தக் காலம் முழுவதும் தலைமை ஆசிரியராக இருந்தவர் ஒரே அம்மையார். பள்ளியின் பெயரோ அவருடைய பெயரோ இங்கு வேண்டியதில்லை. அனுப்புகைப் பதிவேடு, கோப்பின் படிகள், என் நாட்குறிப்பு ஆகிய மூன்றையும் வைத்து இதை எழுதுகிறேன்.

தலைமை ஆசிரியர்கள் அலுவலக நடைமுறையை எப்படி அனுபவிக்கிறார்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "வேலைப்பளு" என்ற ஒரே சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. தாள் அதிகம், நேரம் குறைவு என்பது உண்மைதான். ஆயினும் இந்தக் கோப்பைத் தொடக்கம் முதல் கடைசித் தாள் வரை கையாண்டவன் என்ற முறையில் எனக்குப் பட்டது வேறு. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர், எதையும் முடிவு செய்ய வேண்டியவர் இன்னொருவர் என்ற ஏற்பாடுதான் அவரை வாட்டியது. தாள்களின் எண்ணிக்கை அதற்கு அடுத்தபடிதான். கூரையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. பாடத்திட்டம், தேர்வு முறை என்று வந்தால் ஆளுக்கொரு கருத்து இருக்கும். ஒழுகும் கூரையை அடைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. எதிர்ப்பவரே இல்லாத ஒரு காரியம் ஏன் நடக்காமல் கிடந்தது என்று பார்க்கும்போதுதான் நடைமுறையின் உள்ளமைப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

கோப்பின் பயணம்

கல்வியாண்டின் இரண்டாம் மாதத்தில் பெய்த மழையில், எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு அறையின் பின்மூலையில் நீர் சொட்டத் தொடங்கியது. முதல் நாள் ஒரு வாளி போதுமானதாக இருந்தது. மூன்றாம் நாள் நான்கு பெஞ்சுகளைக் கரும்பலகைப் பக்கம் இழுத்துப் போட வேண்டியதாயிற்று. மேலே ஏறிப் பார்த்தபோது, மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் சருகு அடைத்து நீர் தேங்கியிருந்ததும், தளப்பூச்சில் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்ததும் தெரிந்தன. சருகை அன்றே அள்ளிவிட்டோம். வெடிப்பை அடைக்க ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. ஆனால் தலைமை ஆசிரியர் தம் பொறுப்பிலேயே செய்துகொள்ளக்கூடிய சில்லறைப் பழுதுகளின் பட்டியலில் கதவுத் தாழ்ப்பாள், சன்னல் கண்ணாடி, தண்ணீர்க் குழாய், மின்விசிறி ஆகியவை இருந்தன, தளம் இல்லை. தளம் என்பது கட்டமைப்புப் பணி. கட்டமைப்புப் பணி என்றால் பொறியாளரின் மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், நிதி ஒதுக்கீடு ஆகிய நான்கும் அந்த வரிசையில் கிடைத்தாக வேண்டும்.

நான்காம் நாள் மண்டலக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போயிற்று. 23 நாள்கள் கழித்து அதே கடிதம் திரும்பி வந்தது: படிவம் மாற்றப்பட்டுவிட்டது, புதிய படிவத்தில் அனுப்புக. புதிய படிவம், கட்டிடம் கட்டப்பட்ட ஆண்டைக் கேட்டது. திறப்பு விழாக் கல்வெட்டில் ஓர் ஆண்டு இருந்தது. சொத்துப் பதிவேட்டில் அதற்கு இரண்டு ஆண்டு தள்ளி வேறோர் ஆண்டு இருந்தது. எதை எழுதுவது என்று நான் கேட்டபோது, தலைமை ஆசிரியர் சிறிதும் யோசிக்காமல், "பதிவேட்டில் இருப்பதைப் போடுங்கள், சார். தணிக்கைக்கு வருகிறவர்கள் கல்வெட்டைப் படிப்பதில்லை" என்றார். அவர் கேலி செய்யவில்லை. முப்பது ஆண்டு அனுபவம் பேசியது.

இரண்டாவது கடிதத்துக்கு, நாளிட்ட ஒளிப்படம் இணைக்கப்படவில்லை என்ற குறிப்பு வந்தது. இணைத்து அனுப்பினோம். ஒளிப்படத்தின் பின்புறம் கையொப்பமும் அலுவலக முத்திரையும் இல்லை என்று மறுபடி வந்தது. அதையும் செய்து அனுப்பிய பிறகு, கோப்பு கட்டிடப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்ததாக வாய்மொழியாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு நினைவூட்டுக் கடிதங்கள் மூன்று. அவற்றைப் பற்றி விரித்து எழுத ஒன்றுமில்லை. நினைவூட்டுக் கடிதம் என்பது பெறுகிறவரைச் செயல்பட வைக்க எழுதப்படுவது என்பதைவிட, அனுப்பியவர் சும்மா இருக்கவில்லை என்று பின்னாளில் காட்டுவதற்காக எழுதப்படுவது என்பதை அலுவலகத்தில் இருப்பவர் எவரும் அறிவர்.

பொறியாளர் வந்தது ஏழாவது மாதம். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. நிதானமான மனிதர், ஏணி வைத்து மேலே ஏறி, வெடிப்பை அளந்து, கீழே வந்து சுவரில் படிந்திருந்த பழுப்பு நிறக் கறையையும் பார்த்தார். பிறகு எழுதினார்: "ஆய்வு நாளன்று நீர்க்கசிவு காணப்படவில்லை. தளப்பூச்சில் வெடிப்பு உள்ளது. மழைக்காலத்தில் மறு ஆய்வு செய்து மதிப்பீடு தயாரிக்கலாம்." எங்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் பக்கம் நின்று பார்த்தால் வேறென்ன எழுத முடியும்? காணாததைக் கண்டதாக எழுதி, நாளை யாராவது ஒருவர் அந்த மதிப்பீடு தேவையற்றது என்று புகார் செய்தால், கையொப்பம் அவருடையது. இந்தக் கோப்பில் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி இதுதான்: அதைத் தொட்ட ஒருவர்கூடச் சோம்பேறியாகவோ கெட்டவராகவோ இல்லை. படிவம் தவறு என்று திருப்பியவர் சரியான படிவம் இல்லாமல் மேலே அனுப்ப முடியாதவர். முத்திரை கேட்டவருக்கு முன்பு எப்போதோ வேறொரு பள்ளியின் படம் வந்து சிக்கல் ஆகியிருக்கிறது. ஒவ்வொரு மேசையிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயங்களையெல்லாம் கூட்டினால் ஏழு மாதம் வந்தது.

அடுத்து நிதியாண்டு முடிந்தது. அந்த ஆண்டுக்கான பராமரிப்பு ஒதுக்கீடு காலாவதியானதால், புதிய நிதியாண்டில் புதிதாகக் கோரிக்கை வைக்கும்படி ஓர் அறிவிப்பு வந்தது. பழைய ஒளிப்படம் செல்லாது. புதிய ஒளிப்படத்தில் மழை இல்லை.

'ஆம்' அல்லது 'இல்லை'

ஒன்பதாவது மாதத்தில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. வேறெங்கோ ஒரு பள்ளிக் கட்டிடத்தில் சுவர் இடிந்ததையொட்டி அவசரமாக அனுப்பப்பட்டது என்று பிறகு தெரிந்தது. ஒரே பக்கம், ஒரே கேள்வி. "பழுதடைந்த கட்டிடத்தில் வகுப்புகள் எவையும் நடத்தப்படவில்லை என இதன்மூலம் சான்றளிக்கிறேன்." அதன்கீழ் இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. மறுநாள் பிற்பகலுக்குள் பதில் போக வேண்டும்.

எழுத்தர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "ஆம் போடட்டுங்களா மேடம், இல்லை போடட்டுங்களா?"

தலைமை ஆசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். 'ஆம்' என்று போட்டால், கறை படிந்த அந்த அறையில் அந்த நேரத்தில்கூட நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். நாளை ஒரு பூச்சுத் துண்டு விழுந்து ஒரு பிள்ளையின் தலையில் பட்டால், பொய்ச் சான்று கொடுத்தவர் அவர். 'இல்லை' என்று போட்டால், பழுதடைந்த கட்டிடத்தில் தெரிந்தே வகுப்பு நடத்தியதாக ஒப்புக்கொண்டவர் ஆவார். அதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். அனுப்புகைப் பதிவேட்டைக் காட்டி எத்தனை கடிதம் போட்டோம் என்று விளக்கலாம். ஆனால் விளக்கம் கொடுக்க வேண்டிய இடத்தில் நிற்பவர் அவர்தான். கடிதங்களுக்குப் பதில் தராதவர்கள் அந்த இடத்துக்கு வரப்போவதில்லை.

அவர் மூன்றாவதாக ஒன்றைச் செய்து பார்த்தார். கட்டங்களுக்குக் கீழே தம் கையால், "ஓர் அறையில் நீர்க்கசிவு உள்ளது; பழுதுபார்க்கக் கோரி ஐந்து கடிதங்கள் அனுப்பப்பட்டுள்ளன; மாற்று அறை இல்லை" என்று எழுதிக் கடித எண்களையும் நாள்களையும் குறித்து அனுப்பினார். மறுநாள் காலை தொலைபேசி வந்தது. மறுமுனையில் பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். கணினியில் அந்த வரியை ஏற்ற இடமில்லை, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் குறிப்பிட்டு அனுப்புங்கள் என்றார்.

அன்று பிற்பகல் எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு நூலக அறைக்கு மாற்றப்பட்டது. மாடி அறை பூட்டப்பட்டது. சான்றிதழில் 'ஆம்' என்று போட்டுக் கையொப்பமிட்டார். நூலகப் பாடவேளை அன்றோடு நின்றது; புத்தக அலமாரிகளின் கண்ணாடிக் கதவுகளுக்கு முன்னால் பெஞ்சுகள் நெருக்கிப் போடப்பட்டதால், அந்தக் கதவுகளைத் திறக்கவே முடியாமல் போயிற்று. தாளில் இருந்த வாசகம் மெய்யாயிற்று. அதை மெய்யாக்குவதற்காகப் பள்ளியில் எது மாறியது என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

விதி ஒரு நோக்கத்துக்காக உருவாகிறது. பிறகு விதியைக் கடைப்பிடிப்பதே நோக்கமாகிவிடுகிறது என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1940-இல் எழுதினார். பூட்டிய அறைக்கு முன் நின்றபோது அதைப் படித்த நினைவு வந்தது. ஆனால் மெர்ட்டன் விவரித்தது, விதியே கதி என்று அதில் பழகிப்போன அலுவலரின் மனப்பாங்கை. இங்கு நான் பார்த்தது, அந்த மனப்பாங்கு சிறிதும் இல்லாத ஒருவரிடமும் அதே விளைவு ஏற்பட முடியும் என்பதை. தலைமை ஆசிரியருக்கு விதிமேல் பக்தி இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டும், தம்மையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்ற இரண்டு கவலைகளுக்கும் அந்த இரண்டு கட்டங்களுக்குள் கிடைத்த ஒரே வழி பூட்டுதான்.

மேசைக்கு இரண்டு பக்கம்

அவருடைய ஒரு நாளை நாட்குறிப்பில் நேரவாரியாக ஒருமுறை குறித்து வைத்தேன். காலை வழிபாட்டுக்கு முன்பே, மாணவர் எண்ணிக்கையை வகுப்பு, பாலினம், சமூகப் பிரிவு வாரியாகக் கேட்டுக் கைப்பேசிக் குழுவில் செய்தி வந்திருந்தது. அதே எண்ணிக்கையை முந்தின வாரம் வேறொரு பிரிவு வேறு வரிசையில் கேட்டிருந்தது. அதற்கும் முன்பு இணையதளத்தில் ஏற்றியும் இருந்தோம். பத்தரை மணிக்கு மூன்றாவது படிவம். தலைமை ஆசிரியருக்கு வாரம் ஆறு பாடவேளை உண்டு. அன்றைய ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து கையொப்பமிட்டார். பாடத்தை முடிக்க அவர் திரும்பிப் போனபோது மணி அடித்துவிட்டது.

அமெரிக்காவின் மயாமி-டேட் கல்வி மாவட்டத்தில் 2008-இல் ஆய்வாளர்கள் 65 தலைமை ஆசிரியர்களுடன் நாள் முழுவதும் கூடவே இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குறித்தனர். 2010-இல் வெளியான அந்த ஆய்வின்படி, நேரத்தில் கால் பங்குக்கும் மேல் நிர்வாகப் பணிகளுக்குப் போயிற்று. கற்பித்தல் சார்ந்த பணிகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இந்த அளவில் நின்றால் நம் புலம்பலுக்குத் தோதாக இருக்கும். ஆனால் அதே ஆய்வு, நிதி, பணியாளர் தேர்வு, பள்ளி வளம் போன்றவற்றை நிர்வகிப்பதில் தலைமை ஆசிரியர் கூடுதல் நேரம் செலவிட்ட பள்ளிகளில் விளைவுகள் மேம்பட்டிருந்ததையும் கண்டது. அப்படியானால் அலுவலக வேலை என்பதே கல்விக்குப் பகை என்று சொல்லிவிட முடியாது. தம் பள்ளியைத் தாமே நடத்துவதற்காகச் செய்யும் அலுவலக வேலை ஒன்று. பள்ளியைப் பற்றி மேலே இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பதற்கான அலுவலக வேலை இன்னொன்று. எங்கள் தலைமை ஆசிரியரின் நாளில் முதல் வகை மிகக் குறைவு. கூரை முதல் வகையைச் சேர்ந்தது. அது அவர் கையில் இல்லை.

இங்கே இன்னொரு காட்சியையும் சொல்லாவிட்டால் ஆய்வு ஒருபக்கமாகிவிடும். பதினோராவது மாதத்தில், மாற்றுச் சான்றிதழ் வாங்க ஒரு தாய் வந்திருந்தார். சான்றிதழில் மகளுடைய பெயரில் ஓர் எழுத்துப் பிழை. பிறப்புச் சான்றிதழில் 'ழ', பள்ளிப் பதிவேட்டில் 'ள'. முதல் வகுப்பில் சேர்த்த நாளில் யாரோ எழுதிய பிழை. திருத்தித் தரும்படி கேட்டார். தலைமை ஆசிரியர் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். பிழை என்பதில் ஐயமே இல்லை. ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் பெயரைத் திருத்த மேலலுவலகத்தின் ஆணை வேண்டும். "விதியில் இடமில்லை அம்மா. மனு எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன்" என்றார்.

"எத்தனை நாள் ஆகுங்க?"

தலைமை ஆசிரியர் பதில் சொல்லவில்லை. அந்தத் தாய் போன பிறகு வெகுநேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுக் கழித்து, "நான் பேசினது யாருடைய குரலில் என்று தெரிகிறதா, சார்?" என்று என்னிடம் கேட்டார்.

பொதுமக்களை நேருக்கு நேர் சந்திக்கும் ஆசிரியர், காவலர், சமூகநலப் பணியாளர் போன்றோரைத் தெருமட்ட அதிகாரிகள் என்று 1980-இல் வகைப்படுத்திய அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி, அரசின் கொள்கை மக்களிடம் எந்த வடிவில் போய்ச் சேர்கிறது என்பதை அவர்களுடைய அன்றாட முடிவுகளே தீர்மானிக்கின்றன என்றார். தலைமை ஆசிரியரின் இடம் அதிலும் விசித்திரமானது. மேசைக்கு அந்தப் பக்கம் மண்டல அலுவலகம் இருக்கும்போது அவர் மனுதாரர். இந்தப் பக்கம் பெற்றோர் இருக்கும்போது அவரே அலுவலகம். தமக்கு நேர்ந்ததை அரைமணி நேரத்தில் இன்னொருவருக்குத் தாமே செய்ய வேண்டியிருக்கிறது. இந்த இரட்டை நிலையை வேலைப்பளு பற்றிய எந்தக் கணக்கெடுப்பும் பிடித்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விதிகளால் அவருக்கு நன்மையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. செல்வாக்குள்ள ஒருவர், இடம் நிரம்பிவிட்ட வகுப்பில் தம் உறவுக்காரப் பிள்ளையைச் சேர்க்கச் சொல்லி நேரில் வந்தார். தலைமை ஆசிரியர் சேர்க்கை வரிசைப் பட்டியலை அவர் முன் விரித்து வைத்தார். "எனக்கு அதிகாரம் இருந்தால் செய்யமாட்டேனா, ஐயா? பட்டியலில் கை வைத்தால் என் வேலை போய்விடும்." அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அந்த இடம் வரிசைப்படி அடுத்து நின்ற பிள்ளைக்குப் போயிற்று. அந்தப் பிள்ளைக்காகப் பேச யாரும் வந்திருக்கவில்லை. ஆளைப் பார்க்காமல் விதியைப் பார்ப்பதே அலுவலக நிர்வாகத்தின் உயிர்நாடி என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் சொன்னதன் பொருள் இங்கே விளங்கும். கூரையை அடைக்க விடாத அதே 'எனக்கு அதிகாரம் இல்லை', பலமுள்ளவனுக்குக் கதவைச் சாத்தவும் உதவியது. ஆகவே விதிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள் என்று கேட்கும் தலைமை ஆசிரியரை நான் பார்த்ததில்லை. எந்த விதி எதற்காக என்று தமக்குத் தெரிந்ததை ஒருமுறையாவது யாராவது கேட்க வேண்டும் என்பதே பலருடைய ஆதங்கம்.

அதிகாரத்தைப் பள்ளிக்கே கொடுத்தால்?

இந்தக் கேள்வியை நாடுகளே சோதித்துப் பார்த்திருக்கின்றன. நியூசிலாந்தில் வணிகர் பிரையன் பிகாட் தலைமையிலான குழு 1988-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1989-இல் பழைய கல்வித் துறையையே கலைத்துவிட்டு, பெற்றோர் தேர்ந்தெடுக்கும் அறங்காவலர் குழுக்களிடம் ஒவ்வொரு பள்ளியும் ஒப்படைக்கப்பட்டது. நிதி, பணி நியமனம், கட்டிடப் பராமரிப்பு எல்லாம் பள்ளியின் பொறுப்பு. இடையில் இருந்த அலுவலக அடுக்குகள் போயின. எங்கள் தலைமை ஆசிரியர் இதைக் கேட்டால் கைதட்டியிருப்பார். ஆனால் அலுவலகங்கள் செய்துகொண்டிருந்த வேலை எங்கும் மறையவில்லை. அது தலைமை ஆசிரியரின் மேசைக்கு இடம் மாறியது. அவர்களின் நிர்வாகச் சுமை கூடியது என்பது அந்நாட்டில் தொடர்ந்து பேசப்பட்டுவந்த குறை. அங்கும் கூரை ஒழுகியது, சுவரில் நீர் கசிந்தது: 1990களின் நடுப்பகுதி முதல் கட்டப்பட்ட பல பள்ளிக் கட்டிடங்களில் நீர்க்கசிவு ஒரு தேசியச் சிக்கலாகவே ஆயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து, 2019-இல் அரசு அறிவித்த சீர்திருத்தங்களில், கட்டிடம் சார்ந்த பொறுப்புகளில் ஒரு பகுதியைப் பள்ளிக் குழுக்களிடமிருந்து அமைச்சகம் மீண்டும் ஏற்பது என்பதும் ஒன்றாக இருந்தது.

இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி நிதியின் நிர்வாகத்தைப் பள்ளிகளுக்குக் கொடுத்தது; கூடவே தேசியப் பாடத்திட்டத்தையும் கொண்டுவந்தது. 1992-இல் ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் உருவானது. பணத்தை நீங்களே செலவழியுங்கள், ஆனால் என்ன கற்பித்தீர்கள், என்ன விளைந்தது என்று காட்டிக்கொண்டே இருங்கள் என்ற இந்த ஏற்பாட்டின் விளைவு, 2014-இல் கல்வித் துறை வேலைச் சுமை பற்றி ஆசிரியர்களிடம் கருத்துக் கேட்டபோது தெரிந்தது. 40,000-க்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். தரவுகளைப் பதிவதும் ஏற்றுவதும் பெரும் சுமைகளில் ஒன்று என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது. பின்லாந்து 1990களின் தொடக்கத்திலேயே பள்ளி ஆய்வாளர் முறையைக் கைவிட்டது. ஆனால் அதை மட்டும் தனியே பிடுங்கி வேறு மண்ணில் நட முடியாது.

இவற்றை நம் கோப்போடு வைத்துப் பார்க்கும்போது, பொறுப்பை மேலிருந்து கீழே தள்ளுவதாலோ கீழிருந்து மேலே இழுப்பதாலோ மட்டும் சிக்கல் தீர்வதில்லை என்று படுகிறது. கூரைக்கு ஒரு கொத்தனாரை அழைக்கும் அதிகாரம் தலைமை ஆசிரியருக்கு வேண்டும். முழுத் தளத்தையும் மாற்றும் வேலை அவர் தலையில் விழக் கூடாது. இரண்டுக்கும் நடுவே கோடு போடுகிறவர்கள் அந்தத் தளத்தின்மேல் ஒருமுறை ஏறிப் பார்த்தவர்களாக இருக்க வேண்டும். சான்றிதழில் ஆம், இல்லை என்பவற்றோடு 'குறிப்பு' என்று மூன்றாவது கட்டம் ஒன்று இருந்திருந்தால்கூட, நூலகம் வகுப்பறையாகாமல் இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அறைக்குள் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற செய்தி மேலே ஒரு கணினித் திரையிலாவது தெரிந்திருக்கும்.

கோப்பின் கடைசித் தாள்

பன்னிரண்டாவது மாதம், இரண்டாவது மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய தந்தை பள்ளிக்கு வந்தார். கொத்தனார். நூலகத்தில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் வேலைங்க மேடம், நானே பாத்துத் தர்றேன்" என்றார். அரசுக் கட்டிடத்தில் தொழில்நுட்ப ஒப்புதல் இல்லாமல் வெளியாள் கை வைக்க அனுமதித்தால் அது தலைமை ஆசிரியரின் குற்றம். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ஞாயிற்றுக்கிழமை காவலர் இருப்பார். மாடிப்படிச் சாவி அவரிடம்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை காலை மேலே போய்ப் பார்த்தேன். வெடிப்பு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் புதிய பூச்சு. அதன்மேல் ஈரச் சாக்கு விரித்திருந்தது. குழாயின் வாயில் சருகு அடைக்காதபடி ஒரு கம்பி வலையும் பொருத்தியிருந்தார். பள்ளி நாட்குறிப்பில் இதை எழுதட்டுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை.

மழை வந்தது. அறை சொட்டவில்லை. ஆனால் அறை பூட்டியே இருந்தது. ஏனென்றால் தாளின்படி அது பழுதடைந்த அறை. பழுது நீங்கிவிட்டது என்று திறந்தால், யார் நீக்கினார்கள் என்ற கேள்வி வரும். காய்ந்து கிடந்த அறையின் பூட்டின்மேல் நான்கு மாதம் தூசி படிந்தது. கீழே நூலகத்தில் வகுப்பு தொடர்ந்தது.

பதினாறாவது மாதத்தில், நல்ல மழை நாளில், புதிய கோரிக்கையின்மேல் மறு ஆய்வுக்காக அதே பொறியாளர் வந்தார். மேலே ஏறினார். புதிய பூச்சின்மேல் விரலால் தட்டிப் பார்த்தார். கம்பி வலையையும் பார்த்தார். எங்கள் இருவரையும் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுதினார். அடுத்த மாதம் மண்டல அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் அந்தக் கோப்பின் கடைசித் தாள்: "இரு முறை மேற்கொண்ட ஆய்விலும் நீர்க்கசிவு ஏதும் கண்டறியப்படவில்லை. அறையைப் பயன்படுத்தத் தடையில்லை. கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது."

எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருந்தவர்கள் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த வகுப்பு அறைக்குத் திரும்பியது. நூலக அலமாரிகளை மறுபடி திறந்தோம். அதே மாதம் ஆண்டுக் கட்டிட நிலைப் படிவமும் வந்து சேர்ந்தது. பன்னிரண்டாவது கலம், கடந்த ஓராண்டில் மேற்கொள்ளப்பட்ட பழுதுபார்ப்புப் பணிகளைக் கேட்டது. நான் பேனாவை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். "இல்லை என்று போடுங்கள், சார்" என்றார். போட்டேன். அவர் கையொப்பமிட்டு முத்திரை வைத்தார்.